நைஸ் பெறுமானம் ஓர் இழைக்கு மட்டும் மாறுகிறது: கையேடு பிழையா, நான் பிழையா?

2023 ஒக்டோபர் 7, காலை (கேள்வி, வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்)

சேர், மழைவீழ்ச்சிப் பதிவுகளைக் கணக்கிடும் ஒரு பைதன் நிரலை என் மடிக்கணினியில் ஓட்டுகிறேன். அது ஓடும் நேரத்தில் வேறு எந்த வேலையும் நகர்வதில்லை என்பதால், செட்பிரையாரிட்டி என்ற முறைமை அழைப்பின் மூலம் முழுப் புரோசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் முழு நிரலுக்கும், நைஸ் பெறுமானம் (கூடக் கூட மற்ற வேலைகளுக்கு இடம் விட்டுக்கொடுக்கும் எண்) 10 என்று வைத்தேன். அழைப்பு வெற்றி என்றே திரும்பியது. ஆனால் நிரலுக்குள் தெரியும் நான்கு இழைகளில் (ஒரே புரோசஸுக்குள் இணையாக ஓடும் தனித்தனி ஓட்டங்களில்) ஒன்றில் மட்டும் 10 இருக்கிறது. மற்ற மூன்றிலும் 0. நைஸ் என்பது புரோசஸுக்குரிய பண்பு என்றுதான் யுனிக்ஸ் வகை முறைமைகளுக்கான போசிக்ஸ் நியமத்தில் எழுதியிருக்கிறது. கையேடு பிழையா, நான் பிழையா?

2023 ஒக்டோபர் 7, இரவு

இரண்டும் பிழையில்லை, தம்பி. போசிக்ஸ் சொல்வது புரோசஸை. லினக்ஸ் செய்வது இழையை. நைஸ் பெறுமானம் இழைக்கு இழை தனித்தனியானது என்று லினக்ஸின் கையேட்டிலேயே, பிழைகள் என்ற பகுதியின் கீழே, ஒரு வரி இருக்கிறது. செட்பிரையாரிட்டிக்கு அடையாள எண்ணாக 0 கொடுத்தால் "என்னை" என்று பொருள். அந்த "என்னை" அழைத்த இழை மட்டுமே. அதற்குப் பிறகு அந்த இழை உருவாக்கும் புதிய இழைகள் 10 என்பதைப் பெற்றுக்கொண்டு பிறக்கும். முன்பே பிறந்தவற்றுக்கு எதுவும் தெரியாது.

ஆகவே இழைகள் உருவாகுமுன், நிரலின் தொடக்கத்திலேயே அழைத்துவிடுங்கள்.

இதை நூலைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் கிராமத்துக் குளக்கட்டில் நீர்மட்டத்தைப் பதியும் சிறிய பெட்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ராஸ்பெரி பை சீரோ டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, ஒரு சூரியத் தகடு, ஒரு மின்கலம், ஒரு மோடம், இவ்வளவுதான் அதிலுள்ளவை. ஓர் இழை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தை வாசிக்கும். மற்றோர் இழை பதிவை எழுதி ஒழுங்குபடுத்தும். மோடத்தை இயக்கும் வேலை ஒரு பிள்ளைப் புரோசஸுக்கு. காலை ஆறு மணிக்குக் கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கு "இத்தனை அடி, இத்தனை அங்குலம்" என்று குறுஞ்செய்தி போக வேண்டும். இந்தச் சின்னப் பெட்டியில் லினக்ஸின் ஏறத்தாழ எல்லாப் பண்பு அழைப்புகளிலும் நான் ஒருமுறையாவது சறுக்கி விழுந்திருக்கிறேன்.

2023 ஒக்டோபர் 8

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பழைய இழைகளையும் மாற்ற வழி உண்டு. ஓடும் புரோசஸ்களின் விவரங்களைக் காட்டும் புரொக் அடைவில் உங்கள் புரோசஸின் எண்ணுக்குள்ளே டாஸ்க் என்ற உள்ளடைவு இருக்கும். அதில் ஒவ்வோர் இழைக்கும் ஓர் எண். அந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செட்பிரையாரிட்டிக்குக் கொடுத்தால் அந்தந்த இழை மாறும். புரோசஸ் எண் என்று நாம் சொல்வது முதல் இழையின் எண்ணேதான், வேறொன்றும் இல்லை.

ஓர் இழை தன் எண்ணைத் தானே அறிய ஜெட்டிட் என்ற அழைப்பு உண்டு. லினக்ஸின் கருவான கெர்னலில் அது 2.4.11 பதிப்பிலிருந்தே இருக்க, குனு சி நூலகம் அதற்கு ஒரு செயற்கூற்றைத் தந்தது 2019இல் வந்த 2.30 பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் சிஸ்கோல் என்ற பொது வாசலால் சுற்றிப் போய் எடுத்தோம். என் பழைய நிரலில் அந்தச் சுற்றுவழி இன்னும் அப்படியே கிடக்கிறது.

2023 ஒக்டோபர் 8, சிறிது நேரம் கழித்து

நைஸை வாசிக்கும் கெட்பிரையாரிட்டி -1 என்று திரும்பினால் உடனே பிழை என்று எடுக்காதீர்கள். நைஸ் -20 முதல் 19 வரை போகும் என்பதால் -1 நியாயமான விடையும் ஆகலாம். அழைக்குமுன், பிழை எண் வைக்கப்படும் எர்நோ என்ற மாறியை 0 ஆக்கி, அழைத்தபின் அதைப் பாருங்கள்.

2023 ஒக்டோபர் 14

நான்கு இழைகளில் எது எது என்று எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் வையுங்கள். பிஆர்சிடிஎல் என்ற அழைப்பு பல வேலைகளுக்கான ஒரே கதவு. அதற்குக் கொடுக்கும் முதல் எண்ணே எந்த வேலை என்பதைத் தீர்மானிக்கும். அதில் பெயர் வைக்கும் வேலை கெர்னலின் 2.6.9 பதிப்பிலிருந்து இருக்கிறது. பெயருக்குக் கிடைக்கும் இடம் 16 பைட்டு; முடிவைக் குறிக்கும் பூச்சியத்துக்கு ஒன்று போக, எஞ்சுவது 15.

ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு 15 எழுத்து. நமக்கு? யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 15 பைட்டுக்குள் ஐந்து குறியீடுகளே அடங்கும். என் மாணவர்களுடன் ஒரு மாலை இதைச் சோதித்தோம். "குளம்" என்பது க, உகரக் குறி, ள, ம, புள்ளி என்று சரியாக ஐந்து. ஒரு பைட்டும் மீதமில்லாமல் நிறைந்தது. குளக்கட்டில் ஓடும் நிரலுக்கு அந்தப் பெயர் அமைந்ததில் எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி. "அளவு" நான்கு, அடங்கும். "துருசு" (குளத்தின் மதகு) ஆறு, கடைசி உகரம் போய் "துருச" என்று நின்றது. "நீர்மட்டம்" என்பது "நீர்ம" ஆனது.

பிறகு மாணவர்கள் தத்தம் ஊர்களை வைத்தார்கள். கிளிநொச்சி "கிளிந" என்று அறுந்தது, முல்லைத்தீவு "முல்ல" என்று நின்றது, வவுனியா "வவுனி" என்று செல்லப்பெயர் பெற்றது. மன்னார் மட்டும் "மன்னா" என்று மரியாதையுடன் வெளியே வந்தது. அன்று முதல் மன்னார்ப் பெண்பிள்ளை வகுப்புக்கு வரும்போதெல்லாம் பின்வரிசை எழுந்து நின்று வணங்குகிறது.

15 என்பது மூன்றால் வகுபடுவதால் தனித் தமிழ்ப் பெயர் குறியீட்டின் நடுவில் வெட்டுப்படாது. அதே பெயருக்கு முன்னால் ஓர் எண் சேருங்கள்: "2குளம்" என்று வைத்தால் மொத்தம் 16 பைட்டு, கடைசிப் பைட்டு போகப் புள்ளி பாதியில் உடைகிறது. திரையில் "2குளம" என்பதற்குப் பின்னே பொருளற்ற குப்பை ஒன்று தெரியும். எண்ணைப் பின்னால் வைத்தாலோ அதுதான் அறுபடும். "குளம்1", "குளம்2" இரண்டும் "குளம்" ஆகிவிடும்.

2023 ஒக்டோபர் 15

ஒரு திருத்தம். "நீளமாக இருந்தால் அறுந்துவிடும்" என்று நேற்று பொதுவாக எழுதினேன். பிஆர்சிடிஎல் சத்தமின்றி அறுக்கும் என்பது சரி. ஆனால் இழைகளை உருவாக்கப் பயன்படும் பீத்ரெட் நூலகத்தின் பெயரிடும் செயற்கூறு அறுக்காது; இடத்தை மீறிய பெயரை ஏற்காமல் பிழை எண்ணைத் திருப்பிவிடும், பழைய பெயரே தொடரும். அந்தப் பிழை எண்ணை நான் பார்க்காமல் விட்டிருந்த காலத்தில், இழைகள் எல்லாம் ஒரே பெயருடன் திரிந்ததற்குக் காரணம் அதுவே என்று பிறகு புரிந்தது.

2023 ஒக்டோபர் 15, இரவு

பெயர் வைத்ததால் வந்த வினை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும்.

முதல் இழையின் பெயரை மாற்றினால் பிஎஸ், பிக்ரெப் போன்ற கருவிகள் காணும் புரோசஸின் பெயரும் மாறும், ஏனெனில் அவை பார்ப்பது முதல் இழையின் பெயரையே. குளக்கட்டுப் பெட்டியில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் உயிருடன் இருக்கிறதா என்று பிக்ரெப் மூலம் பழைய ஆங்கிலப் பெயரைத் தேடி, இல்லையென்றால் புதிதாகத் தொடங்கும் காவல் நிரல் ஒன்றை நானே எழுதி வைத்திருந்தேன். முதல் இழைக்கு ஆசையுடன் "குளம்" என்று பெயர் சூட்டி, பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். காவலாளிக்குப் பழைய பெயரில் எவரும் அகப்படவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு குளம் பிறந்தது. 512 மெகாபைட்டு நினைவகமுள்ள பலகையில் எத்தனை குளங்களைத்தான் கட்ட முடியும்? இரவு ஒன்பது மணிக்குள் பலகை மூச்சடங்கியது. மறுநாள் காலை செயலாளர் ஐயாவுக்குச் செய்தி போகவில்லை. அவர் வழக்கம்போல் குளக்கட்டுக்கு நடந்து போய், அளவுகோலைத் தன் கண்ணால் பார்த்து, அந்த அளவை எனக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்.

இப்போது காவல் நிரல் பெயரைத் தேடுவதில்லை. புரோசஸ் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பில் பூட்டும் வைத்திருக்கிறேன்.

2023 ஒக்டோபர் 29

இரண்டு வாரமாக விதைப்பு வேலை. காலபோகத்துக்கு மழை சரியாகக் காலெடுத்து வைத்திருக்கிறது. வாசகர் ஒருவர், பிள்ளைப் புரோசஸ் தாய்க்குப் பின்னும் ஓடிக்கொண்டிருப்பதை எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தார். பதில் நீளமானது என்பதால் ஒத்திப்போட்டேன்.

தாய் முடிந்தபின் எஞ்சும் புரோசஸை நூல்களில் அனாதை என்று எழுதுகிறார்கள். வகுப்பில் நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 2009க்குப் பிந்திய ஆண்டுகளில் என் முன்னால் அமர்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது வெறும் கலைச்சொல்லாக இருந்திருக்காது என்பதை அறிந்தவன் நான். "தாய் முடிந்த புரோசஸ்" என்று சுற்றிச் சொல்வேன். பரீட்சையில் பிள்ளைகள் அப்படியே எழுதினால் புள்ளி குறைக்க மாட்டேன்.

விடயத்துக்கு வருகிறேன். நிரல் எங்காவது முறிந்து விழுந்தால் மோடத்தை இயக்கும் பிள்ளை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். முதலாம் எண் புரோசஸ் அதைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளுமே தவிர நிறுத்தாது. புதிதாகத் தொடங்கும் நிரலோ இன்னொரு மோடப் பிள்ளையைப் பெறும். இரண்டும் ஒரே தொடர்வாயிலில் ஒரே நேரத்தில் கட்டளை எழுதினால் மோடம் எவருக்கும் பதில் தராது. சில நாள் ஒரே செய்தி இரண்டு முறை போய், சிம்மில் போட்ட பணம் பாதி மாதத்திலேயே தீர்ந்தது.

பிஆர்சிடிஎல்லின் மற்றொரு வேலை இதற்கென்றே உள்ளது. "என் தாய் முடிந்தால் எனக்கு இன்ன சமிக்ஞையை அனுப்பு" என்று பிள்ளை கெர்னலிடம் சொல்லி வைக்கலாம். பிஆர்சிடிஎல் அறிமுகமான 2.1.57 பதிப்பிலேயே இருந்த வேலை இது. பிள்ளை பிறந்தவுடன், மோட நிரலை எக்செக் செய்யுமுன் (தன் இடத்தில் அந்நிரலை ஏற்றி ஓட்டுமுன்), "முடிந்துகொள்" என்று சொல்லும் டேர்ம் சமிக்ஞையைக் கேட்டு வைத்தேன். எக்செக் செய்தாலும் இந்த ஏற்பாடு நிலைக்கும் என்று கையேட்டில் வாசித்திருந்தேன்.

நிலைக்கவில்லை. தாயைக் கொன்று பார்த்தேன். பிள்ளை அசையாமல் ஓடியது. இரண்டு இரவு போயிற்று. கையேட்டில் அதே வாக்கியத்தின் முற்பகுதியை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன்: செட்யுஐடி பிட் உள்ள நிரலை, அதாவது தன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் நிரலை, எக்செக் செய்தால் ஏற்பாடு அழிக்கப்படும். தொடர்வாயிலுக்கு அனுமதி வேண்டும் என்பதற்காக மோட நிரலை, உயர் அதிகாரத்தில் கட்டளையை ஓட்டித்தரும் சூடோ மூலம் ஓட்டிக்கொண்டிருந்தேன். சூடோ செட்யுஐடி நிரல். சூடோவை அகற்றி, நிரலின் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்தேன். டெபியன் வழிவந்த முறைமைகளில் தொடர்வாயில்கள் அந்தக் குழுவுக்குத்தான் சொந்தம்.

இப்போது தாய் விழுந்தால் பிள்ளையும் நின்றது. தாய் விழாமலும் பிள்ளை நின்றது.

2023 ஒக்டோபர் 30

நேற்று கரண்ட் போய்விட்டதால் அந்த இடத்தில் நிறுத்தினேன். கதையைத் தொங்க விடும் எண்ணம் இல்லை.

தாய்ப் புரோசஸ் நலமாக ஓடிக்கொண்டிருக்க, மோடப் பிள்ளை ஒரு சில செக்கன்களில் டேர்ம் சமிக்ஞை பெற்று முடிந்துகொண்டிருந்தது. யார் அனுப்புகிறார்கள் என்று நிரல் முழுவதும் தேடினேன். அனுப்பியது கெர்னல், கேட்டு வைத்தவன் நான்.

"தாய்" என்று அந்த அழைப்பு கருதுவது பிள்ளையைப் பெற்ற இழையை. என் நிரலில் மோடத்தைத் தொடங்குவதற்கென்றே ஒரு குறுகிய இழையை உருவாக்கியிருந்தேன். அது ஃபோர்க் செய்து, அதாவது பிள்ளைப் புரோசஸைப் பெற்றுவிட்டு, வேலை முடிந்ததென்று தானும் முடிந்துகொண்டது. அந்த இழை போனதும் கெர்னலின் கணக்கில் தாய் போய்விட்டாள். வீடு நிறையச் சொந்தங்கள் இருந்தும் அது கணக்கில் வரவில்லை. இதுவும் கையேட்டில் எச்சரிக்கை என்ற தலைப்புடன் இருக்கிறது, நான் கடைசியாக வாசித்த பத்தியில்.

இப்போது மோடப் பிள்ளையை முதல் இழையே, வேறு இழைகள் பிறக்குமுன், ஃபோர்க் செய்கிறது. முதல் இழை நிரல் முடியும்வரை இருக்கும்.

ஓர் இடுக்கு எஞ்சுகிறது. ஃபோர்க்குக்கும் பிஆர்சிடிஎல்லுக்கும் இடைப்பட்ட நொடியில் தாய் விழுந்துவிட்டால் சமிக்ஞை வரவே வராது. ஆகவே ஃபோர்க் செய்யுமுன் தாய் தன் எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பிஆர்சிடிஎல்லை அழைத்தபின் கெட்பிபிட் மூலம் தாயின் எண்ணைக் கேட்டு, இரண்டும் வேறுபட்டால் தானாக முடிந்துகொள்ள வேண்டும். "தாய் எண் 1 ஆகிவிட்டதா" என்று பார்க்கும் நிரல்களை இணையத்தில் காணலாம்; அது போதாது. 3.4 பதிப்பு முதல் எந்தப் புரோசஸும் தன் வழிவந்த, தாய் முடிந்த பிள்ளைகளைத் தானே ஏற்பதாக அறிவித்துக்கொள்ளலாம் என்பதால், ஏற்கும் கை எப்போதும் 1ஆகவே இருக்கும் என்பதில்லை.

2023 நவம்பர் 5

வவுனியாத் தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். டாஸ்க் அடைவைப் பார்த்து நான்கு இழைகளுக்கும் 19 வைத்தாராம். இருந்தும் இன்னொரு முனையத்தில் ஓடும் வேலை வேகமாகவில்லை, இரண்டும் பாதிப் பாதியாகவே பகிர்கின்றன என்கிறார்.

இது ஆட்டோகுரூப். 2.6.38 பதிப்பில் வந்தது. அது இயங்கும் நிலையில், ஒரே அமர்வில் தொடங்கிய புரோசஸ்கள் எல்லாம் ஒரு குழு; கெர்னலில் நேரத்தைப் பங்கிடும் ஷெட்யூலர் முதலில் குழுக்களுக்கிடையே பங்கிட்டு, பிறகே குழுவுக்குள் நைஸைப் பார்க்கும். வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாய்க்காலில் உங்கள் வயலுக்குரிய முறையை நீங்கள் விட்டுக்கொடுத்தால் அதே வாய்க்காலில் கீழேயிருப்பவருக்குத் தண்ணீர் கூடும். பக்கத்து வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் போகாது. அந்தப் பங்கு துருசில் தீர்மானமாகிவிட்டது. உங்கள் கணக்கீடு ஒரு முனையத்திலும் மற்ற வேலை வேறொரு முனையத்திலும் இருப்பதால் அவை வேறு வேறு வாய்க்கால்கள்.

புரொக் அடைவில் புரோசஸின் எண்ணுக்குள் ஆட்டோகுரூப் என்றே ஒரு கோப்பு உண்டு. அதில் 10 என்று எழுதினால் குழு முழுவதற்கும் நைஸ் விழும். அல்லது இரண்டையும் ஒரே முனையத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இறக்கிய இடத்திலிருந்து சாதாரணப் பயனர் திரும்ப ஏற முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். 19 வரை போவதற்கு எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. 19இலிருந்து 0க்கு வர நைஸ் வரம்பு இடம் தர வேண்டும், அல்லது சிறப்பதிகாரம் வேண்டும். விட்டுக்கொடுத்த முறையைத் திரும்பக் கேட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றவர்களுக்கு இந்த விதி புதிதாக இராது.

2023 நவம்பர் 12

"நைஸில் ஏன் இவ்வளவு அல்லல்? நிகழ்நேர முன்னுரிமை கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கொடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

எஸ்கெட்-ஃபைஃபோ என்ற நிகழ்நேரக் கொள்கையில் முன்னுரிமை 1 முதல் 99 வரை. அந்தக் கொள்கையில் உள்ள இழை தானாக உறங்கினாலோ, தன்னிலும் மேலான ஒன்று வந்தாலோ ஒழிய, சாதாரண இழைகளுக்கு இடம் விடாது. வாசிக்கும் இழைக்கு 99 கொடுத்தேன். உணரி பதில் தராதபோது உறங்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்கும் ஒரு வளையத்தை அதே இழையில் எழுதியிருந்தேன். மயில் ஒன்று சூரியத் தகட்டில் ஏறி நின்று உணரியின் கம்பியைக் கழற்றிவிட்டது. (மயில் என்பது என் ஊகம், இறகு கிடந்தது.)

ராஸ்பெரி பை சீரோவின் செயலியில் ஒரே ஒரு கோர். அது முழுவதும் அந்த வளையத்துக்குப் போனது. கெர்னலின் இயல்பிருப்பில் ஒவ்வொரு 1000000 மைக்ரோசெக்கனிலும் நிகழ்நேர இழைகளுக்கு 950000 மட்டுமே உண்டு. எஞ்சும் 5 சதவீதம் மற்றவர்களுக்கு. அந்த 5 சதவீதத்தில் தொலைவிலிருந்து உள்நுழைய முயன்றேன். கடவுச்சொல் கேட்கும் வரி வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. வந்தபின் நான் அடித்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஊர்ந்தன. கடைசியில் மழைக்குள் மோட்டார் சைக்கிளில் போய் மின்கலத்தின் வயரைக் கழற்றினேன்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறியிறங்கும் நீர்மட்டத்துக்கு நிகழ்நேரம் எதற்கு? அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது செயலாளர் ஐயா. "தண்ணீர் ஓடியா போய்விடப் போகிறது, தம்பி?" என்றார். குளம் நிரம்பி வான் பாயும் நாளில் ஓடித்தான் போகும், ஆனால் அன்றும் ஒரு நிமிடம் பிந்தினால் குற்றமில்லை.

எந்தக் கோரில் எந்த இழை என்று கட்டிவைப்பதைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஒரு கோர்தான் என்று சொல்லிவிட்டேனே.

2023 நவம்பர் 13

டைமர் ஸ்லாக்கை (உறங்கும் இழையை எழுப்புவதில் கெர்னல் எடுத்துக்கொள்ளும் தளர்வு) கூட்டினால் மின்கலம் நீடிக்குமா என்றால், என் பெட்டியில் வேறுபாடு தெரியவில்லை. இயல்பிருப்பு 50 மைக்ரோசெக்கன். அடிக்கடி விழிக்கும் இழைகளுக்கே அது பொருட்டு.

2023 நவம்பர் 26

பழைய குறிப்புகளை வாசித்தபோது, ஒக்டோபரில் நான் எழுதிய தொனி லினக்ஸில் எல்லாமே இழைக்குரியது என்ற எண்ணத்தைத் தருவதாகப் பட்டது. ஒரு மாணவர் அப்படியே புரிந்துகொண்டு, ஓர் இழையில் தன் வேலை அடைவை மாற்ற, மற்ற இழைகளின் கோப்புகள் எல்லாம் வேறிடத்தில் போய் விழுந்தன. பிழை என்னுடையது.

வேலை அடைவும் கோப்பு அனுமதி முகமூடியும் புரோசஸின் எல்லா இழைகளுக்கும் பொது. பீத்ரெட் நூலகம் இழையை உருவாக்கும்போது அவற்றைப் பகிரும்படி கெர்னலிடம் கேட்டே உருவாக்குகிறது. ஓர் இழை பிரிந்து போக விரும்பினால் அன்ஷேர் என்ற அழைப்பு உண்டு. வள வரம்புகள், அதாவது எத்தனை கோப்புகள் திறக்கலாம், எவ்வளவு நினைவகம் கொள்ளலாம் என்பவை, புரோசஸுக்குப் பொது. விழும்போது நினைவகப் படம் எழுதலாமா என்ற பண்பு நினைவகத்தோடு ஒட்டியது என்பதால் அதுவும் பொது, பிஆர்சிடிஎல்லின் வழியாகவே அதை மாற்றினாலும்கூட. ஒரே கதவால் நுழைந்தாலும் பெயர் வைப்பது இழைக்கும் இது எல்லோருக்குமாகப் போகிறது. அழைப்பின் பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்காதீர்கள்.

மிகவும் விசித்திரமானது பயனர் எண். கெர்னலுக்கு அது இழைக்குரியது. போசிக்ஸுக்கோ புரோசஸுக்குரியது. இந்த இடைவெளியைக் குனு சி நூலகம் தன் தோளில் சுமக்கிறது: ஓர் இழை, பயனர் எண்ணை மாற்றும் செட்யுஐடி அழைப்பைச் செய்தால், நூலகம் மற்ற இழைகளுக்கெல்லாம் ஓர் உள்சமிக்ஞையை அனுப்பி, ஒவ்வொன்றையும் அதே அழைப்பைச் செய்ய வைக்கிறது. நூலகத்தைத் தாண்டி நேரடியாக முறைமை அழைப்பைச் செய்தால் அந்த ஓர் இழை மட்டும் அதிகாரத்தைத் துறக்கும். மற்றவை முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகவே இருக்கும். பாதுகாப்புக்காக அதிகாரத்தைத் துறக்கும் நிரலில் இது பெரிய ஓட்டை.

2023 நவம்பர் 26, இரவு

அதிகாரம் என்றதும் நினைவுக்கு வந்தது. 3.5 பதிப்பு முதல், புதிய சலுகை எதையும் இனிப் பெற மாட்டேன் என்று ஓர் இழை பிஆர்சிடிஎல் மூலம் உறுதியெடுக்கலாம். எடுத்தால் திரும்பப் பெற முடியாது, பிள்ளைகளுக்கும் போகும், எக்செக்கிலும் நிலைக்கும். ஏற்கெனவே ஓடும் உடன்பிறந்த இழைகளைக் கட்டுப்படுத்தாது. இதையும் முதல் இழையில் முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன்.

சூடோவை முழுமையாக நீக்கிவிட்டேன் என்று ஒக்டோபரில் எழுதினேன் அல்லவா? இந்த உறுதியை வைத்த அன்று மோடத்தை மீளத்தொடக்கும் ஒரு சின்னக் கட்டளை நின்றுபோனது. பார்த்தால் அதற்குள் இன்னும் ஒரு சூடோ இருந்தது. தன்னால் ஓட முடியாததற்கு அந்த உறுதியே காரணம் என்று தெளிவாகவே பதிவில் எழுதிவிட்டு விலகியிருந்தது. நான் சொன்னது பொய் என்று காட்டிக் கொடுத்ததும் அந்த அழைப்புத்தான்.

2023 டிசெம்பர் 24

குளம் நிறைந்து வான் பாய்கிறது. பெட்டி ஆறு வாரமாகத் தொடாமல் ஓடுகிறது. செயலாளர் ஐயா இன்னும் காலையில் நடந்து போய் அளவுகோலைப் பார்க்கிறார். இப்போது எனக்கு அனுப்புவது அளவை அல்ல, பெட்டியின் செய்தி எத்தனை அங்குலம் பிழை என்பதை. நேற்று அரை அங்குலம்.

2024 ஜனவரி 6

வவுனியாத் தம்பியின் முதற் கேள்விக்கு நான் தந்த முதற் பதில் அரைகுறை என்று இப்போது தெரிகிறது. "இழைகள் உருவாகுமுன் அழையுங்கள்" என்றேன். அவர் நிரலின் முதன்மைச் செயற்கூற்றின் முதல் வரியில் அழைத்திருக்கிறார். பிறகும் மூன்று இழைகள் 0. தன் நிரலில் தான் ஓர் இழையும் உருவாக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். அவருடைய நிரலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், உண்மைதான்.

உருவாக்கியது நம்பை என்ற பைதன் கணிப்பு நூலகம். அது பயன்படுத்தும் ஓப்பன்பிளாஸ் நூலகம், நினைவகத்துக்குள் ஏற்றப்படும்போதே, கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வேலையிழைகளை உருவாக்கிவிடுகிறது. கோப்பின் தலையில் இருக்கும் இம்போர்ட் வரி ஓடிய கணத்திலேயே மூன்று பிள்ளைகளும் பிறந்தாயிற்று. அவர் அழைத்தது அதற்குப் பிறகு. நைஸை மாற்றும் வரியை அந்த இம்போர்ட்டுக்கும் மேலே ஏற்றச் சொன்னேன். நடை ஒழுங்கைச் சரிபார்க்கும் கருவி, இம்போர்ட்டுகள் எல்லாம் தலையில் இருக்க வேண்டும் என்று அவரைத் திட்டுகிறதாம். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, கருவியை அந்த இடத்தில் மட்டும் வாயை மூடச் சொல்லுங்கள், தம்பி.

2024 ஜனவரி 7

நான்கிலும் 10 வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இழைகளுக்குப் பெயரும் வைத்திருக்கிறாராம். நான்காவது "வவுனி".